தேர்தல் முறையும் மேலோங்கிய கட்சியும்

ஜனநாயகம் என்பது மக்கள் தம்மைத் தாமே ஆளும் முறை என்று பள்ளிப் பருவமுதல் கற்று வருகின்றோம். மக்கள் அனைவரும் ஓரிடத்துக் கூடி ஆளுதல் இயலாதாகலின், அவர்கள் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். அப்பிரதிநிதிகள் கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். தேர்தல்தோறும் கட்சிகள் மாறி மாறி வெல்லும், இன்று ஆள்வோர் நாளை எதிர்க்கட்சி வரிசையில் அமர்வர் என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். ஆயின் உலகத்திற் பல நாடுகளில் நடந்தது இவ்வாறன்று. தேர்தல்கள் ஒழுங்காக நடைபெற்றும், பல கட்சிகள் போட்டியிட்டும், ஒரே கட்சி இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆட்சி புரிந்ததுண்டு. அத்தகைய கட்சியை மேலோங்கிய கட்சி எனலாம். அஃது எவ்வாறு தோன்றுகின்றது, தேர்தல் முறைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது, அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பனவற்றை, நம் நாட்டு வரலாற்றையே முதன்மையான சான்றாகக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் ஒரு வேற்றுமையைத் தெளிதல் வேண்டும். ஒரு கட்சி ஆட்சி என்பது வேறு. ஒரு கட்சி மேலோங்கிய ஆட்சி என்பது வேறு. சோவியத் ருஷியாவில் நெடுங்காலம் கம்யூனிஸ்டுக் கட்சி ஒன்றே நின்றது; பிற கட்சிகளுக்கு இடமே இல்லை. அங்கு நடந்தது தேர்தலின் வடிவமேயன்றித் தேர்தலன்று. மேலோங்கிய கட்சியோ பிற கட்சிகளோடு வெளிப்படையாகப் போட்டியிடுகின்றது. எதிர்க்கட்சியினர் கூட்டங் கூட்டலாம், பத்திரிகை நடத்தலாம், ஆட்சியைக் கண்டிக்கலாம். தோல்வியடையும் வாய்ப்பு ஒவ்வொரு தேர்தலிலும் அதற்கு உண்டு. ஆயினும் நெடுநாள் அது தோற்பதில்லை. பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே என்பார் அரசியற் கட்சிகளைப் பற்றி 1951-இல் வெளியிட்ட நூலில் இவ்வகைக் கட்சியை ஆராய்ந்துள்ளார். ஒரு கட்சி எண்ணிக்கையில் மிகுந்திருந்தால் மட்டும் போதாது. அதுவே மேலோங்கியது என்று பொதுமக்கள் நம்புதலும் வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு வாக்களியாத பகைவரும் அம்மேன்மையை ஒப்புக்கொள்வர்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலான மக்கள் அக்கட்சியையே விரும்புகின்றனர், ஆதலின் அது வெல்கின்றது என்பது எளிய விடை. அவ்விடை பாதி உண்மையே. மற்றப் பாதி வாக்குகளை எண்ணும் முறையில் அடங்கியிருக்கின்றது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

கல்லூரி ஒன்றில் பத்து வகுப்புகள் உள்ளன என்றும், வகுப்புக்கு நூறு மாணவர் என்றும், ஒவ்வொரு வகுப்பும் மாணவர் சங்கத்திற்கு ஒரு பிரதிநிதியை அனுப்புகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று குழுவினர் போட்டியிடுகின்றனர். ஒவ்வொரு வகுப்பிலும் முதற் குழுவினர்க்கு 40 வாக்கும், இரண்டாங் குழுவினர்க்கு 35 வாக்கும், மூன்றாங் குழுவினர்க்கு 25 வாக்கும் கிடைக்கின்றன. மிகுதியான வாக்குப் பெற்றவரே வென்றவர் என்பது விதியாகலின், பத்து ஸ்தானங்களும் முதற் குழுவினர்க்கே உரியவாகின்றன. ஆயிரம் மாணவரில் 600 பேர் அக்குழுவிற்கு எதிராக வாக்களித்திருந்தும், சங்கத்தில் அவர்களுக்காகப் பேச ஒருவரும் இலர். எவரும் பொய் செய்திலர். எண்ணிக்கையிற் பிழையும் இல்லை. இனி, மறு ஆண்டில் இரண்டாங் குழுவினரும் மூன்றாங் குழுவினரும் ஒன்றுபட்டு வகுப்புக்கு ஒருவரையே நிறுத்துவாராயின், 60-க்கு 40 என்ற கணக்கில் பத்து ஸ்தானங்களையும் அவர்களே கவர்வர். மாணவர் ஒருவரும் தம் கருத்தை மாற்றிக்கொண்டிலர். முடிவு மட்டும் தலைகீழாயிற்று.

நம் நாட்டில் வழங்குவது இம்முறையே. தொகுதிக்கு ஒரு பிரதிநிதி. போட்டியிடுவோரில் மற்றெவரினும் மிகுதியான வாக்குப் பெற்றவர் வெற்றி பெறுவர். பாதிக்கு மேல் வாக்குப் பெறவேண்டும் என்ற நியதி இல்லை. தொடக்கத்தில் இரண்டு பிரதிநிதிகளை அனுப்பும் தொகுதிகளும் சில இருந்தன. 1961-இல் அவை நீக்கப்பட்டன. சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்குரிமை பெற்றிருந்தனர். அவருட் பெரும்பாலார் எழுத்தறியாதவராகலின், ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம் வகுக்கப்பட்டது. உலகம் அதுவரை கண்டிராத அப்பெருந் தேர்தலை முதல் தேர்தல் கமிஷனராகிய சுகுமார் சென் நடத்தி முடித்தார்.

அதன் முடிவை நோக்குமின். லோக்சபையின் 489 ஸ்தானங்களில் காங்கிரஸ் 364 பெற்றது. அஃதாவது நான்கில் மூன்று பங்கு. அது பெற்ற வாக்கோ நூற்றுக்கு 45 மட்டுமே. வாக்களித்தோரிற் பாதிக்கு மேற்பட்டவர் வேறு கட்சிகளையோ சுயேச்சை அபேட்சகரையோ விரும்பினர். ஆயின் அவர் பலவாறு சிதறி நின்றனர். சோஷலிஸ்டுக் கட்சி நூற்றுக்கு 10-க்கு மேற்பட்ட வாக்கைப் பெற்றும் 12 ஸ்தானங்களே அடைந்தது. கம்யூனிஸ்டுக் கட்சி நூற்றுக்கு 3-ஐச் சற்றுக் கடந்த வாக்கைப் பெற்று 16 ஸ்தானங்களை அடைந்தது. மூன்று மடங்கு வாக்குடையவர் குறைந்த ஸ்தானம் பெற்றதன் காரணம் வெளிப்படை: சோஷலிஸ்டுகளின் வாக்கு நாடு முழுவதும் மழைத்தூறல்போற் பரவி வீழ்ந்தது, கம்யூனிஸ்டுகளின் வாக்கோ சில பகுதிகளில் ஏரி நீர்போல் தேங்கி நின்றது. இம்முறையில் எத்துணைப் பேர் விரும்புகின்றனர் என்பதோடு, அவர் எங்கே இருக்கின்றனர் என்பதும் முடிவை ஆக்குகின்றது. 1957-ஆம் ஆண்டிலும் 1962-ஆம் ஆண்டிலும் இக்கதையே நிகழ்ந்தது. அவ்விரு தேர்தல்களிலும் 494 ஸ்தானங்களில் முறையே 371, 361 காங்கிரசுக்குக் கிடைத்தன. வாக்கோ ஒருமுறையும் பாதியை எட்டவில்லை.

இதனைக் கொண்டு, எண்ணும் முறையே மேலோங்கிய கட்சியைப் படைக்கின்றது என்று முடிவு கட்டுதலும் பொருந்தாது. சுவீடன் தேசத்தில் வழங்குவது விகிதாசார முறை. அங்கு நூற்றுக்கு 40 வாக்குப் பெற்ற கட்சிக்கு ஏறக்குறைய 40 பங்கு ஸ்தானமே கிடைக்கும். எனினும் அந்நாட்டுச் சோஷல் டெமாக்ரடிக் கட்சி, 1936-இல் சில மாதங்கள் நீங்கலாக, 1932 முதல் 1976 வரை ஆட்சியில் அமர்ந்திருந்தது. அதன் தலைவருள் ஒருவராகிய டாகெ எர்லாண்டர் 23 ஆண்டுகள் இடையறாது பிரதம மந்திரியாக விளங்கினார். தொழிற்சங்கங்களோடு இணைந்த உறுதியான அமைப்பும், பிற கட்சிகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் திறமையும், எதிர்த்து நின்றோரின் பிளவும் அக்கட்சியை நிலைநிறுத்தின. ஆகவே மேலோங்கிய கட்சிக்கு வேர் சமுதாயத்தில் இருக்கின்றது. தேர்தல் முறை அவ்வேரிலிருந்து எழும் மரத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ காட்டுகின்றது என்று கொள்ளுதலே பொருத்தம்.

காங்கிரசின் வேர்களைக் காண்பது அரிதன்று. சுதந்திரப் போராட்டத்தை முன்னின்று நடத்திய பெருமை அதற்கு உண்டு. காந்தியடிகளின் காலத்திலேயே அதன் கிளைகள் கிராமங்கள்தோறும் பரவியிருந்தன. ஜவாஹர்லால் நேருவைப்போல் நாடு முழுவதும் அறிந்த தலைவர் பிற கட்சிகளில் இலர். இவற்றினும் நுட்பமான காரணம் ஒன்றுண்டு. காங்கிரஸ் இடப்புறமும் செல்லாது வலப்புறமும் செல்லாது நடுவில் நின்றது. அதன் ஒரு பக்கத்துச் சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும், மற்றொரு பக்கத்து ஜனசங்கத்தினரும் 1959-இல் இராஜாஜி தோற்றுவித்த சுதந்திராக் கட்சியினரும் நின்றனர். இவ்விரு திறத்தாரும் காங்கிரசைப் பகைத்ததினும் ஒருவரையொருவர் மிகுதியாகப் பகைத்தனர். அவர்கள் ஒன்றுபடுதல் நீரும் நெருப்பும் கூடுவதை ஒத்திருந்தது.

ரஜினி கோத்தாரி என்னும் அறிஞர் 1964-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், காங்கிரசைத் தனிக் கட்சியாகக் கொள்ளாது ஓர் அமைப்பு முறையாகக் கொண்டு விளக்கினார். அவர் கூறியதன் சாரம் இது: அக்கட்சிக்குள்ளேயே பல பிரிவினர் இருந்தனர், நிலமுடையோரும் உழுவோரும், தொழிலதிபரும் தொழிலாளரும், பல மொழியினரும் பல வகுப்பினரும் அதனுள் அடங்கினர். எதிர்க்கட்சிகள் ஆட்சியைப் பிடிக்க இயலாவிடினும், வெளியிலிருந்து அழுத்தங் கொடுத்துக் காங்கிரசின் உட்பிரிவுகள் வாயிலாகத் தம் கொள்கைகளிற் சிலவற்றை நிறைவேற்றிக்கொண்டன. 1955 ஜனவரியில், நம் சென்னையை அடுத்த ஆவடியிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ முறையைத் தழுவிய சமுதாயத்தை அமைப்பதே தன் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அன்றோடு சோஷலிஸ்டுக் கட்சியினர் தமக்கே உரியதெனக் கருதியிருந்த கொடியிற் பாதி காங்கிரசின் கைக்குச் சென்றது. மொழிவாரி இராஜ்யங்களைப் பற்றியும் இவ்வாறே நிகழ்ந்தது. தொடக்கத்தில் தயங்கிய நேருவின் அரசாங்கம், பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர் துறந்தபின், 1953-இல் ஆந்திர இராஜ்யத்தை அமைத்தது. 1956-இல் நாடு முழுவதும் பெரும்பாலும் மொழியை அடிப்படையாகக் கொண்டு இராஜ்யங்களைச் சீரமைத்தது. வளையும் மூங்கில் புயலில் ஒடிவதில்லையன்றோ?

இனி நன்மை தீமைகளை ஒரு துலாக்கோலில் இட்டு நோக்குவோம். நன்மைகளுள் தலையாயது நிலைபேறு. புதிதாக விடுதலையடைந்த பல நாடுகளில் சில ஆண்டுகளிலேயே ஜனநாயகம் மறைந்து படைத்தலைவர் ஆட்சி தோன்றியது. அண்டை நாடாகிய பாகிஸ்தானில் 1958-இல் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இந்தியாவிலோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெறும் வழக்கம் வேரூன்றியது. வெல்வது உறுதி என்றிருந்த கட்சி, விதிகளுக்கு அடங்கித் தேர்தலை நடத்தியமையால், மக்களும் பிற கட்சியினரும் அவ்விதிகளில் நம்பிக்கை கொண்டனர். நெடுங்காலத் திட்டங்களை வகுத்தலும் அவற்றைத் தொடர்ந்து நிறைவேற்றுதலும் இயன்றன.

தீமைகளும் சிறியன அல்ல. சபையில் எதிர்க்கட்சி மிகச் சிறிதாகிவிடின், மந்திரிகளைக் கேள்வி கேட்போர் குறைவர். லோக்சபையின் மொத்த ஸ்தானங்களிற் பத்தில் ஒரு பங்கேனும் உடைய கட்சியின் தலைவரையே எதிர்க்கட்சித் தலைவராக அங்கீகரிப்பது மரபு. 1952 முதல் 1969 வரை எந்த எதிர்க்கட்சியும் அவ்வளவினை எட்டவில்லை. 1969-இல் காங்கிரசே இரண்டாகப் பிளந்தபின், பிரிந்து சென்றவருள் ஒருவராகிய ராம் சுபக் சிங் என்பவரே முதன்முதல் அப்பதவியை முறைப்படி பெற்றார். எதிர்க்கட்சித் தலைவரையும் ஆளுங்கட்சியின் உடலிலிருந்தே பெறவேண்டியதாயிற்று!

மற்றொரு தீமை, கட்சிக்கும் அரசாங்கத்திற்கும் உள்ள எல்லை மங்குதல். நெடுநாள் ஆண்டோர், தம் கட்சியின் நலமே நாட்டின் நலம் என எண்ணத் தலைப்படுவர். கேரளத்தில் 1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் 126 ஸ்தானங்களில் 60 பெற்ற கம்யூனிஸ்டுக் கட்சி, சுயேச்சை உறுப்பினர் சிலரின் துணையோடு இ. எம். எஸ். நம்பூதிரிபாடின் தலைமையில் மந்திரிசபை அமைத்தது. அதனை எதிர்த்துப் பெருங் கிளர்ச்சி எழுந்தது. காங்கிரஸ் கட்சியும் அக்கிளர்ச்சியிற் கலந்துகொண்டது. சட்டசபையில் பெரும்பான்மையை இழவாதிருந்த அம்மந்திரிசபையை 1959 ஜூலை 31-ஆம் நாள் மத்திய அரசாங்கம் நீக்கியது. கிளர்ச்சி செய்யுங் கட்சியும் தீர்ப்பளிக்கும் அரசாங்கமும் ஒன்றாயிருப்பின், அத்தீர்ப்பு நடுநிலையானதே எனினும், நடுநிலையானதென்று நம்புவோர் அரியர்.

இவ்வெல்லை முற்றும் அழிந்துவிடின் விளைவது யாது என்பதற்கு மெக்ஸிகோ தேசம் சான்றாகும். அங்கு 1929-இல் தோன்றி, பின்னர்ப் பெயர் மாறிய கட்சி ஒன்று, 2000-ஆம் ஆண்டு வரை ஜனாதிபதி பதவியைப் பிறர்க்கு விட்டதில்லை. தேர்தல்கள் தவறாது நடந்தன, எதிர்க்கட்சிகளும் இருந்தன. ஆயின் தேர்தலை நடத்தும் பொறுப்பு அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. 1988-ஆம் ஆண்டுத் தேர்தலின் எண்ணிக்கையைப் பற்றி நாடெங்கும் ஐயமும் கொதிப்பும் எழுந்தன. அதன்பின் 1990-இல் தேர்தலுக்கெனத் தனி நிலையம் நிறுவப்பட்டது. 1996-இல் அது அரசாங்கத்தின் பிடியினின்றும் விடுபட்டது. மறு ஆண்டே அக்கட்சி கீழ்ச்சபையில் பெரும்பான்மையை இழந்தது. 2000-இல் ஜனாதிபதி பதவியையும் இழந்தது. தேர்தலை நடத்துவோர் சுதந்திரமாக இருத்தலே, மேலோங்கிய கட்சியை மக்களின் கட்சியாகவும் வைத்திருக்கும், வேண்டும்போது இறக்கியும் விடும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டில் அத்தகைய தேர்தல் கமிஷன் தொடக்கமுதல் இருந்தமையின், மாறுதல் விரைவில் வந்தது. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் லோக்சபையின் 520 ஸ்தானங்களில் 283 மட்டுமே பெற்றது. பல இராஜ்யங்களில் ஆட்சியையும் இழந்தது. சென்னை இராஜ்யத்தில் நடந்தது முன்னர்க் கூறிய கல்லூரிக் கதையைப் பெரிதும் ஒத்திருக்கின்றது. 1962-இல் காங்கிரஸ் நூற்றுக்கு 46 வாக்குப் பெற்று, 206 ஸ்தானங்களில் 139-ஐக் கைப்பற்றியிருந்தது. திராவிட முன்னேற்றக் கழகமும் சுதந்திராக் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் அன்று தனித்தனி நின்றனர். 1965-இல் எழுந்த ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் அரிசித் தட்டுப்பாடும் மக்கள் மனத்தைக் கலக்கியிருந்தன. 1967-இல் திராவிட முன்னேற்றக் கழகம், சுதந்திராக் கட்சி, மார்க்ஸிஸ்டுக் கம்யூனிஸ்டுக் கட்சி, முஸ்லிம் லீக் முதலியன தொகுதி உடன்பாடு செய்துகொண்டன. காங்கிரசின் வாக்கு 46-லிருந்து 41 அளவிற்கே இறங்கியது. ஸ்தானங்களோ 234-இல் 51 ஆகச் சுருங்கின. திராவிட முன்னேற்றக் கழகம் காங்கிரசின் அளவை ஒத்த வாக்கே பெற்று 137 ஸ்தானங்களை அடைந்தது. அறிஞர் அண்ணா முதன் மந்திரியானார். ஒன்பதாண்டுகள் முதன் மந்திரியாக இருந்து, பின்னர் நாட்டின் பிரதம மந்திரியைத் தேர்ந்தெடுப்பதிலும் முன்னின்ற காமராசர், தம் சொந்த ஊராகிய விருதுநகரில் 1,285 வாக்கு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோல்வியுற்றார். உயர்த்திய ஏணியே இறக்கியும் விட்டது.

மேலோங்கிய கட்சி தன் பெரும்பான்மையைத் தவறாக உணர்ந்துகொள்வதால் விளையும் கேட்டிற்கு 1971-க்குப் பிற்பட்ட ஆண்டுகள் சான்று பகரும். அவ்வாண்டு இந்திரா காந்தியின் தலைமையில் காங்கிரஸ் நூற்றுக்கு 44-ஐ எட்டாத வாக்கைக் கொண்டு 518 ஸ்தானங்களில் 352 பெற்றது. அரசியலமைப்பைத் திருத்துவதற்கு வேண்டிய மூன்றில் இரு பங்கு அதன் கையில் இருந்தது. 1975 ஜூன் 25-ஆம் நாள் நெருக்கடி நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறை புகுந்தனர். பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. 1976-இல் நடைபெறவேண்டிய தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 42-ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பிற் பல பகுதிகள் மாற்றப்பட்டன. நூற்றுக்கு 56 பேர் வாக்களியாத ஒரு கட்சி, நூறு பேரின் சார்பிலும் பேசுவதாக எண்ணிக்கொண்டதன் பயன் இது. 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தபொழுது, பிளவுபட்டிருந்த எதிர்க்கட்சியினர் ஜனதாக் கட்சி என்ற பெயரில் ஒன்றுபட்டனர். உத்தரப் பிரதேசத்தில் ஏறக்குறையக் காற்பங்கு வாக்கைப் பெற்றும், அங்குள்ள 85 ஸ்தானங்களில் ஒன்றுகூடக் காங்கிரசுக்குக் கிடைத்திலது. இருபத்தைந்து ஆண்டுகள் அதற்குத் துணைநின்ற கணக்கு அன்று அதனையே வீழ்த்தியது.

அண்மைக் காலத்திலும் இவ்வுண்மை மாறவில்லை. 2014-இல் பாரதீய ஜனதாக் கட்சி நூற்றுக்கு 31 வாக்கைக் கொண்டு 543 ஸ்தானங்களில் 282 பெற்றது. 2019-இல் 37-ஐச் சற்றுக் கடந்த வாக்கிற்கு 303 ஸ்தானங்கள் கிடைத்தன. 2024-இல் அதன் வாக்கு ஒரு சதவீதத்திற்குங் குறைவாகவே சரிந்தது. ஸ்தானங்களோ 240 ஆகக் குறைந்து, தனிப் பெரும்பான்மை போயிற்று. தோழமைக் கட்சிகளின் துணையோடு ஆட்சி அமைந்தது. பத்தாண்டுகள் வெறுமையாக இருந்த லோக்சபை எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் அவ்வாண்டே நிரம்பியது. எக்கட்சியாயினும் கணக்கு ஒன்றே.

அங்ஙனமாயின் விகிதாசார முறையை மேற்கொள்ளலாகாதோ என்ற வினா எழும். இவ்வினா புதியதன்று. அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜனவரியில் காஜி சையத் கரிமுத்தீன் என்னும் உறுப்பினர், வாக்குகளுக்கேற்ற பிரதிநிதித்துவம் வேண்டுமென்று ஒரு திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எழுத்தறிவு பரவாத நாட்டிற்கு அம்முறை சிக்கலாகும் என்பதும், சபை பல சிறு குழுக்களாகச் சிதறி மந்திரிசபைகள் நிலையாமல் வீழும் என்பதும் அவர் காட்டிய காரணங்கள். 1999-இல் சட்டக் கமிஷன், இப்போதுள்ள ஸ்தானங்களோடு கட்சிப் பட்டியல் வாயிலாக மேலுஞ் சில ஸ்தானங்களைச் சேர்க்கும் கலப்பு முறையை எடுத்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

இரு முறைகளின் வேற்றுமையை மூன்று தேர்தல்களைக் கொண்டு ஒரே பார்வையில் அறியலாம். 1967-இல் இந்தியாவில் நூற்றுக்கு 41-ஐ எட்டாத வாக்குப் பெற்ற காங்கிரஸ் தனித்தே ஆட்சி அமைத்தது. சுவீடனில் 1976-இல் நூற்றுக்கு 42-க்கு மேற்பட்ட வாக்குப் பெற்ற சோஷல் டெமாக்ரடிக் கட்சி ஆட்சியை விட்டு விலகியது. தென்னாப்பிரிக்காவில் 1994 முதல் முப்பதாண்டுகள் பெரும்பான்மையோடு ஆண்ட ஆப்பிரிக்க தேசீய காங்கிரஸ், 2024-இல் நூற்றுக்கு 40 வாக்கைப் பெற்று, 400 ஸ்தானங்களில் 159 அடைந்து, பிற கட்சிகளோடு கூடி ஆளவேண்டியதாயிற்று. வாக்கு ஏறக்குறைய ஒன்றே, விளைவு வெவ்வேறு. ஆயின் அதே தென்னாப்பிரிக்காவில் அதே விகிதாசார முறையின்கீழ் முப்பதாண்டுகள் ஒரு கட்சி மேலோங்கி நின்றது என்பதையும் மறத்தலாகாது. அங்கு அதற்குப் பாதிக்கு மேல் வாக்கும் உண்மையாகவே இருந்தது. விகிதாசார முறை மேலோங்கிய கட்சியை ஒழிக்கும் மருந்தன்று. கட்சியின் உருவத்தை உள்ளவாறு காட்டுங் கண்ணாடியே அது. நமது முறையோ உருவத்தைப் பெருக்கிக் காட்டுங் கண்ணாடி. பெருக்கிக் காட்டுவதால் உறுதியான ஆட்சி கிடைக்கின்றது; ஆயின் கண்ணாடியிற் காண்பதே தன் மெய்யுருவம் என்று கட்சி மயங்குதல் தீது.

இதுகாறுங் கூறியவற்றால் அறிவன யாவை? மேலோங்கிய கட்சி தேர்தல் முறைக்குப் பகையன்று. பல நாடுகளில் அது தேர்தலை ஊன்றி வளர்த்த செவிலியாகவும் இருந்திருக்கின்றது. அஃது அவ்வாறு இருப்பதற்கு மூன்று காவல்கள் வேண்டும். தேர்தலை நடத்துவோர் ஆள்வோர்க்கு அஞ்சாதவராதல் ஒன்று. கட்சிக்குள் மாறுபட்ட கருத்துக்கு இடமுண்மை மற்றொன்று. எண்ணிக்கையிற் சிறியதாயினும் எதிர்க்கட்சியின் சொல் சபையிலும் வெளியிலும் தடையின்றி ஒலித்தல் மூன்றாவது. இவற்றுள் எது குறையினும் அக்கட்சி செவிலியாக இராது சிறைக்காவலனாக மாறும்.

மாணவ நண்பர்களே! 1989 முதல் நம் நாட்டில் 18 வயது நிரம்பினோர்க்கு வாக்குரிமை உண்டு. நம் கல்லூரி வகுப்புகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலார் இவ்வுரிமையை உடையவர். தம் தொகுதியில் வெல்லாத ஒருவர்க்கு அளித்த வாக்கு வீண் என்று கூறுவாரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அக்கூற்று ஆராயத்தக்கது. 1952-இலும் 1957-இலும் 1962-இலும் தோற்றவர்க்கு வாக்களித்தோர், தம் வாக்கு வீணென்று வீட்டிலிருந்திருப்பரேல், 1967-இல் ஒன்றுபடுதற்கு எவரும் இரார். தோற்ற வாக்கு ஆள்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. நாளைக்கு ஒரு விதை. வென்றவரைச் சார்ந்தவரும் ஒன்றை மறத்தலாகாது: எதிரே அமர்ந்திருக்கும் சிலருக்குப் பின்னே கோடிக்கணக்கான மக்கள் நிற்கின்றனர். அடுத்த தேர்தல் முடிவுகள் பத்திரிகையில் வெளியாகும் நாளில், ஸ்தானங்களின் எண்ணிக்கையைப் படித்தவுடன் தாளை மடித்து வையாது, வாக்குகளின் எண்ணிக்கையையும் தேடிப் படிப்பீராக. நாட்டின் முழு உள்ளம் அவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பவர்க்கே புலனாகும்.